அக்கா சொன்ன விலை

விளையாட்டுக்கு விதி எழுதுவதைப் போல வம்பான வேலை வேறில்லை. ஆரணியில் பட்டுப்புடவைகளுக்குக் கணினியில் டிசைன் போடுவது என் பிழைப்பு. மிச்ச நேரத்தில், செல்போனில் ஊர் கட்டி விளையாடும் ஒரு குழுவுக்கு நான்தான் நாட்டாமை. முப்பது நாற்பது பேர் இருப்போம். பாதிப் பேர் நெசவு வீட்டுக்காரர்கள். வாரம் ஒரு மனை ஏலத்துக்கு வரும். விளையாடிச் சேர்த்த காசைக் கொடுத்து அதை எடுக்க வேண்டும். நிஜக் காசு இல்லை, ஆனால் சண்டை எல்லாம் நிஜம்தான்.

முள்ளிப்பட்டில் தறி நெய்யும் ஒரு அக்காவும் குழுவில் இருந்தார். என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவர். ஆற்றங்கரை மனை மேல் அவருக்கு அப்படி ஒரு ஆசை. ஆறு மாதமாகக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார். கரையில் இருந்ததே நான்கு மனை. அதில் மூன்று கைவிட்டுப் போயிருந்தன. ஏலம் மாலை ஆறு மணிக்கு முடியும். கடைசி நொடியில் யாராவது ஒரு காசு கூட்டிக் கேட்டுத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மூன்றாவது மனை போன அன்று எனக்குப் போன் செய்தார்.

"காலு மிதியில கீது, கை நாடாவுல கீது. நெய்துகினு இருக்கும்போது கடைசி நிமிஷத்துல நான் எப்டிம்மா போன எடுக்கிறது?"

விரல் வேகத்துக்குப் பரிசு கொடுப்பதெல்லாம் ஒரு விதியா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. மாற்றினேன். அவரவர் விலையை எனக்கு மட்டும், ஒரே தடவை, ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் எப்போது வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். அதிகம் எழுதியவருக்கு மனை. எழுதியதைக் கொடுத்துவிட வேண்டும். பிரமாதமான விதி என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

கடைசி ஆற்றங்கரை மனைக்கு எல்லோரும் அனுப்பிவிட்டார்கள். அதில் அதிகம் முந்நூற்றுப் பத்து. அக்காவிடமிருந்து வந்தது இதுதான்: "நீயே பாத்து நியாயமா ஒரு வெல போட்டுக்கம்மா."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யாருக்காக இவ்வளவு மெனக்கெட்டேனோ அவரே இப்படிச் செய்தால்? முந்நூற்றுப் பதினொன்று என்று நான் எழுதினால் மனை அவருக்கு, களவாணிப் பட்டம் எனக்கு. எழுதாவிட்டால் மனை போச்சு. போன் செய்து சிடுசிடுத்தேன்.

"வெலய நீங்கதாங்கா சொல்லணும்."

"எனக்கு எங்கம்மா சொல்லத் தெரியும்? முதலாளி பட்டும் ஜரிகையும் குடுக்கிறாரு. கூலி இவ்ளோன்னு அவரே சொல்றாரு. வாங்கிகினு வர்றோம். அவரும் பாத்துதான் போடுறாரு."

என் டிசைனுக்கும் கடைக்காரர் சொல்வதுதான் விலை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் விடவில்லை.

"நீங்க சொன்னாதான் போடுவேன்."

"தொள்ளாயிரம்" என்றார். அவர் சேர்த்தது மொத்தமும் அவ்வளவுதான்.

அவ்வளவு வேண்டாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஏலம் நடத்துகிறவள் சொல்லலாமா? விழுங்கிக்கொண்டேன். மனை அவருக்குக் கிடைத்தது. அதில் ஒரு குடிசை போடக்கூடக் காசு மிஞ்சவில்லை. இரண்டு வாரம் அந்த மனை காலியாகவே கிடந்தது. பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குற்றவுணர்ச்சியாக இருந்தது. பயந்து குறைத்து எழுதத் தெரிந்தவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள், ஆசையை அப்படியே சொன்னவர் ஓட்டாண்டியாகிறார். இதுவா நியாயமான விதி?

மறுபடி மாற்றினேன். அதிகம் எழுதியவருக்கே மனை, ஆனால் அவருக்கு அடுத்தபடியாக எழுதியவரின் விலையைக் கொடுத்தால் போதும். மனதில் உள்ளதை யாரும் தைரியமாக எழுதலாம். குழு ஒப்புக்கொண்டது. அக்காவுக்கும் மிச்சத்தைத் திருப்பித் தரலாம் என்று அவர்களே சொன்னார்கள். சந்தோஷமாகப் போன் செய்தேன்.

"ஐந்நூத்தி தொண்ணூறு உங்களுக்குத் திரும்ப வருதுக்கா."

"வேணாம்மா."

"ஏங்கா? எல்லாரும் ஒத்துகினாங்க."

"இதுவரிக்கும் என் வாயால நான் சொன்ன வெல அது ஒண்ணுதான். அத கொறைக்காத."