கியூரிங் மிஷினில் இரண்டு டிரம்கள்

காத்திருப்பது எனக்கு வராது. பஸ் ஸ்டாப்பில்கூட நின்ற இடத்தில் நிற்கமாட்டேன். அடுத்த ஸ்டாப்புக்கு நடக்கத் தொடங்கி நடுவழியில் பஸ்ஸைக் கோட்டை விடுவேன். "சித்தெ நேரம் சும்மா உக்காருங்களே" என்று சொல்லிச் சொல்லி என் மனைவி ஓய்ந்துபோனாள்.

இரண்டாயிரங்களின் நடுவில் திருப்பூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் சூப்பர்வைசராக இருந்தேன். பனியன் துணியில் படம் அச்சடித்து, மை காய்வதற்காகக் கியூரிங் மிஷின் பெல்ட்டில் போடுவோம். துணி சூடான தகட்டுக் கூண்டுக்குள் ஊர்ந்து மறுபக்கம் காய்ந்து வரும். அங்கே நின்று எடுத்து அடுக்குவது கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்காவின் வேலை. வாரம் பிறந்தால் பெல்ட்டைத் துடைப்பதும் அவர்தான்.

அந்த வருஷம் ஒரு பழைய காரை வாங்கி அலாய் வீல் மாட்டினேன். பிடித்தது வினை. வீலின் இடைவெளி வழியே பின்பக்க பிரேக் டிரம் இரண்டும் துருவேறித் தெரிந்தன, பட்டு வேட்டிக்குக் கீழே சேற்றுக்கால் மாதிரி. திங்கட்கிழமை கொமரலிங்கத்தில் மச்சினிக்குக் கல்யாணம். மாமனார் வீட்டுச் சனம் மொத்தமும் காரைச் சுற்றி நிற்கும் என்று எனக்குள் ஒரே பரபரப்பு. இரும்புக்குப் பெயிண்ட் ஏற்றும் பவுடர் கோட்டிங் பட்டறையில் கேட்டால், "மூணு நாளாகுமுங்க" என்றார்கள். அன்றைக்குச் சனிக்கிழமை.

சூடு தாங்கும் வெள்ளி நிற ஸ்ப்ரே பெயிண்ட் ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை ஜாக்கியில் தூக்கி, டிரம்களைக் கழற்றி, உப்புத்தாளால் அரைகுறையாகத் தேய்த்து, உள்ளே படிந்திருந்த கறுப்பு பிரேக் தூசியைத் துடைக்காமல் வெளிப்பக்கம் மட்டும் அடித்தேன். ஒரு நாள் காயவிட வேண்டும் என்று டப்பாவில் போட்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் நாலு தடவை தொட்டுப் பார்த்தேன். நாலு தடவையும் விரல் ரேகை விழுந்தது.

அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. திருப்பூர்க்காரனுக்கு மட்டும் வரக்கூடிய புத்தி. யூனிட்டுக்கு லீவு, சாவி என்னிடம். டிரம்களைப் பழைய பேப்பரில் சுற்றி எடுத்துப்போய், மிஷினைச் சூடேற்றி, பெல்ட்டில் படுக்க வைத்து விட்டேன். இரண்டு சுற்று. வெளியே வந்தபோது பளபளவென்று இருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணத்தில் ஒருவரும் டிரம்மைப் பார்க்கவில்லை. ஒரு சித்தப்பா மட்டும் டயரை உதைத்து மைலேஜ் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை யூனிட்டுக்குள் நுழைந்தபோதே முதலாளியின் குரல் கேட்டது. முந்தின நாள் ஓட்டிய குழந்தைகள் பனியன், அத்தனையும் வெள்ளை, அச்சின்மேல் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள். கூடியிருந்தவர்கள் நடுவில் அந்த அக்கா நின்றார்.

"பெல்ட்ட ஏம்மா தொடைக்கல?"

"தொடச்சேன் சார். ரெண்டு மட்டம் தொடச்சேன்."

"தொடைச்சா இதெங்கிருந்து வந்துச்சு? நாளைக்கிருந்து நீ வர வேண்டாம்."

ஒரு பனியனை எடுத்துப் பார்த்தேன். கறுப்புக்கு நடுவே ஒன்றிரண்டு வெள்ளிப் பொடி மின்னியது. பனியனை மடித்து மற்றவற்றின் அடியில் செருகினேன். அந்த அக்கா பையை எடுத்துக்கொண்டு போனார். டீக்கடைக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். மத்தியானம் மிஷினைத் திறந்து பார்த்தேன். டிரம்முக்குள் இருந்த பிரேக் தூசி சூட்டுக்காற்றில் பறந்து கூண்டின் மேல்தகட்டில் அப்பியிருந்தது. பெல்ட்டை அவர் நூறு தடவை துடைத்திருந்தாலும் அது மேலேயிருந்து விழுந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

சாயங்காலம் முதலாளியின் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அட உடுங்க, வேணும்னா பண்ணுனீங்க? போச்சாது. அந்தம்மாள வரச் சொல்லிப்போடுங்க. டிரம்மு நல்லா வந்துச்சுங்களா?"

காலையில் ஒருத்தியின் வேலையைப் பறித்த தப்பு, என்னுடையது என்றானதும் தப்பாகவே இல்லாமல் போயிற்று. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

நேராக அந்த அக்காவின் லைன் வீட்டுக்குப் போனேன். சோறு வடித்துக்கொண்டிருந்தவர் வாசலுக்கு வந்தார்.

"டிரம்ம உள்ள உட்டது நாந்தானுங்க. உங்க மேல தப்பே இல்லீங்க. மொதலாளி வரச் சொல்லிட்டாரு."

கையைச் சேலையில் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "இத எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு சார்? எல்லாரு முன்னாலயும்தான ஏசுனாரு. எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க, வாரேன்."

"காலைல சொல்லிப்போடறனுங்க" என்றேன். மனதார நினைத்துத்தான் சொன்னேன்.

அன்று ராத்திரி படுக்கையில் புரண்டு புரண்டு வார்த்தைகளைச் சேர்த்து வைத்தேன். காலையில் எல்லோரையும் கூப்பிட்டேன். இருபது பேர் வந்து நின்றார்கள். அந்த அக்கா உள்ளே வரவில்லை, சாப்பாட்டுப் பையோடு கேட்டருகே நின்றார். நான் தினமும் அதட்டி வேலை வாங்குகிற முகங்கள் எல்லாம் என்னையே பார்த்தன.

"இனிமேலு தெனமும் பெல்ட்ட ரெண்டு தடவ தொடைக்கோணும். மறந்துறாதீங்க" என்றேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தார். நான் மிஷினைப் போடச் சொன்னேன்.