மேலநீலிதநல்லூர் போய் வருகிற தூக்கம்

மஞ்சள் குழைத்த விரலும் புதுக் காகிதமும் சேர்ந்தால் ஒரு வாசம் உண்டு. கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் ஈர மஞ்சளைத் தொட்டு வைத்து, காயும்முன் உறைக்குள் தள்ளிவிட்டால், பிரிக்கிறவர் மூக்கில் முதலில் ஏறுவது அதுதான். பேர் அப்புறம், தேதி அப்புறம். சங்கரன்கோவிலில் ஒரு அச்சகத்தில் இருபது வருஷமாகப் பத்திரிகைகளுக்குப் பிழை பார்க்கிறவள் நான். அச்சகத்தில் அந்த வாசம் கிடையாது. அங்கே மையும் மண்ணெண்ணெயும்தான். மஞ்சள், வீடு தேடி வரும் பத்திரிகையில் மட்டும். வரும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் நினைவுக்கு வருகிறது. தூக்கமும், அதைத் தொலைத்திருந்த ஒன்றரை வருஷமும், ஒரு டவுன் பஸ்ஸும்.

ஏன் போயிற்று என்று தெரியாது. துக்கம் இல்லை, யாரோடும் சண்டை இல்லை. நாற்பத்தெட்டு வயதில் ஒரு நாள் அது வரவில்லை, மறுநாளும் வரவில்லை, பிறகு வராமல் இருக்கப் பழகிக்கொண்டது. டாக்டரம்மா "வயசு" என்றார், நான் குடியிருக்கும் தெருவின் பெயரைச் சொல்வதுபோல. அரை மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது தூக்கத்தைத் தரவில்லை, தூக்கத்துக்கு மறுநாளை மட்டும் தந்தது: பஞ்சடைத்த தலை, கசந்த வாய்.

தெரு முழுக்க விசைத்தறி. அந்தச் சத்தத்தில் பிறந்து அந்தச் சத்தத்தில் தூங்கியவள் நான். கரண்டு போய்த் தறி நின்றால்தான் எங்கள் தெரு விழித்துக்கொள்ளும். ஆகவே சத்தத்தின் மேலும் பழி போட வழியில்லை. பாலில் ஜாதிக்காய் உரசிக் குடித்தேன். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தேன்; காலையில் செருப்பு வழுக்கியது. போனில் மழைச் சத்தம் போட்டுக்கொண்டு படுத்தேன். எங்கள் ஊரில் மழை அவ்வளவு நேரம் பெய்து நான் கேட்டதே இல்லை, அதனால் கவனமாகக் கேட்டேன். கவனித்தால் எப்படி வரும்? மதினி சொன்னாள் என்று கோமதி அம்மன் சந்நிதிக்கு முன்னால் இருக்கிற சக்கரக் குழியில் போய் உட்கார்ந்தேன். மனசு கலங்கியவர்களை உட்கார வைக்கிற இடம். எனக்கு முன் அதில் இருந்த பெண் எழுந்து போகும்போது என்னைப் பார்த்து, "நமக்கு எத்தன நாளா?" என்று கேட்டாள். அந்த 'நமக்கு' பிடித்திருந்தது. தூக்கம் வரவில்லை.

"கண்ண மூடிக் கிட. அது தானா வரும்," என்றார் வீட்டுக்காரர். சொல்லி முடிக்கும்போதே அவருக்கு வந்துவிட்டது.

அப்படிச் சேர்ந்தாற்போல் மூன்று நாள் தூங்காத ஒரு வைகாசியில், ராயகிரிக் கல்யாணம் ஒன்று என் மேஜைக்கு வந்தது. மாப்பிள்ளையின் தாத்தா இறந்துவிட்டார். பெண்ணின் தாத்தா இருக்கிறார். டைப் அடிக்கிற பெண் மாப்பிள்ளைத் தாத்தாவின் வரியை அப்படியே எடுத்துப் பெண் வீட்டுப் பக்கம் ஒட்டி, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறாள். இறந்தவர் பெயருக்கு முன்னால் போடுகிற 'தெய்வத்திரு' அங்கேயே நின்றுவிட்டது. அந்த வரியை நான்கு முறை படித்தேன். கண் படித்தது, எனக்குள் ஒன்றும் இறங்கவில்லை. ஓரத்தில் 'சரி' என்று எழுதினேன்.

பத்திரிகை பாதி ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அந்தத் தாத்தாவே பஸ் ஏறி வந்தார். கக்கத்தில் குடை, கையில் பத்திரிகை. வாசலில் நின்று உள்ளே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"யாரும்மா என்னயக் கொன்னது?"

நான் எழுந்து நின்றேன்.

"நீதானா. ரெண்டு பேரு எளவுன்னு துட்டி கேக்க வந்துட்டான் தாயி. ஒருத்தன் கையில மாலை வேற. நான் வாசல்ல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்கேன். உள்ள போய்ப் பாரும் வே, கிடத்தியிருக்குன்னேன். போயிட்டாம்லா."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் சிரித்ததால் அச்சகம் தப்பித்தது. அத்தனையும் மறுபடி அடித்துக் கொடுத்தோம். முதலாளி என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவருடைய அப்பா காலத்திலேயே நான் சேர்ந்தவள். அதனால் கத்தவில்லை. தாத்தா போன பிறகு மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, தை முகூர்த்தம் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இன்னொண்ணு இப்படி வந்துதுன்னா ப்ரூப்ப வேற ஆள்ட்ட குடுத்துருவேன். நீங்க கவர் மடிங்க."

கவர் மடிப்பது கேவலமில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது படிப்பது ஒன்றுதான். ஊரார் பெயர்களை எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்த்தே வயதானவள். அந்த மேஜை வேண்டுமென்றால் தூங்கியாக வேண்டும். தூங்கியாக வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில், கொஞ்சநஞ்சம் வந்ததும் ஓடிப்போயிற்று.

ஆனி மாதம் ஒரு மத்தியானம், மேலநீலிதநல்லூரில் ஒரு வீட்டுக்கு ப்ரூப் காட்டிவர என்னை அனுப்பினார்கள். டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. இடது பக்கம், பின் சக்கரத்துக்கு மேலே இருக்கிற ஜன்னல் சீட்டுதான் காலியாக இருந்தது. கால் வைக்கிற இடம் மேடாக இருப்பதால் முழங்கால் நெஞ்சுக்கு வரும், யாரும் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தேன். வண்டி பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்தது தெரியும். அடுத்து எனக்குத் தெரிந்தது, வண்டி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைவது. அதே பஸ் ஸ்டாண்டு. மடியில் அதே ப்ரூப்.

"மேலநீலிதநல்லூரு வந்துட்டுப் போயிட்டும்மா," என்றார் கண்டக்டர். நரைத்த மீசை, காக்கிச் சட்டையில் விசில். "எழுப்பிப் பாத்தேன். 'சரி'ன்னீங்க. என்ன சரின்னு தெரியல, விட்டுட்டேன்."

அன்று சாயங்காலம் மேஜையில் உட்கார்ந்தபோது எழுத்துகள் கழுவி வைத்ததுபோல் இருந்தன. ஒரு 'ன'வும் 'ண'வும் இடம் மாறி நின்றதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி போய் அதே சீட்டில் உட்கார்ந்தேன்.

"எங்க?"

"இங்கனதான்."

"வண்டி இங்கனதாம்மா நிக்கி."

"போயிட்டு இங்கன வரணும் அண்ணாச்சி."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வேலை நாள் எல்லாம் போனேன். மூன்றரை மணிக்கு அச்சகத்துக்குத் திரும்பிவிடலாம். கட்டில், தூங்குவதற்கென்றே போட்டது. போய்ப் படுத்த உடனே அது என்னிடம் ஒன்றை எதிர்பார்க்கும். பஸ் சீட் என்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. யாரோ ஓட்டுகிறார், யாரோ விசில் அடிக்கிறார், கரிசல் காடு தன்பாட்டில் பின்னால் போகிறது, நான் எதையும் செய்து முடிக்க வேண்டியதில்லை. சக்கரம் காலுக்குக் கீழே உருண்டுகொண்டே இருந்தது. தறியின் தம்பிபோல ஒரு சத்தம். இதை வீட்டில் செய்ய முடியுமா என்று நாற்காலியை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தும் பார்த்தேன். நாற்காலி எந்த ஊருக்கும் போகவில்லை.

ஒரு நாள் அரைத் தூக்கத்தில், நின்றுகொண்டு வந்த ஒருவர் கண்டக்டரிடம் சொல்வது கேட்டது.

"துட்டு குடுத்தவன் நின்னுட்டு வாரான். ஓசில வந்தவ ஒறங்கிட்டு வாரா."

"ஒமக்கு ஒறக்கம் வரலன்னா அதுக்கு நான் என்ன வே செய்ய? உள்ள தள்ளி நில்லும்."

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை வேறு கண்டக்டர் வந்தார். இளவட்டம். மேலநீலிதநல்லூரில் தோளைத் தட்டி, "கடைசி ஸ்டாப்பு, எறங்குங்க," என்றார். இறங்கி, வெயிலில் நின்று, மறுபடி ஏறினேன். தூக்கம் ஏறவில்லை. பழையவர் வராத பதினாறு நாளும் அப்படித்தான். மேஜையில் ஆட்காட்டி விரலை வைத்து எழுத்தெழுத்தாக நகர்த்திப் படித்தேன். பழைய கண்டக்டரின் வீட்டம்மா இறந்துபோனதைப் பூக்கூடையோடு வருகிற ஒரு பெண் சொன்னாள். காய்ச்சல் என்று படுத்தார்களாம், எழவில்லையாம். பதினேழாம் நாள் அவர் வந்தார். மீசை இல்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். ஓடுகிற பஸ்ஸில் எப்படித் துட்டி கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று நன்றாகத் தூங்கினேன். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மார்கழியில் அவர் அச்சகத்துக்குள் வந்தார், கையில் நோட்டிலிருந்து கிழித்த தாளோடு.

"நீ இங்கனயாம்மா வேல பாக்க? நான் ஏதோ ஆபீஸ்னுல்லா நெனச்சேன்."

மகள் கல்யாணம், தையில். டைப் அடித்து என்னிடம் வந்தது. பெற்றோர் வரியில் அவர் பெயர், பக்கத்தில் வீட்டம்மா பெயர். முன்னால் 'திருமதி' என்று மட்டும். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். வைகாசிக்குப் பிறகு, 'தெய்வத்திரு' வருகிற இடத்தில் என் கை தானாக நின்றுவிடும். முதலாளி அடுத்த மேஜையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இங்கன ஒரு வார்த்த விட்டுப்போச்சு," என்றேன்.

"விட்டுப்போகலம்மா."

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பினார்.

"தேதி குறிச்சது அவதான். அந்த வார்த்தயப் போட்டேன்னு வையி, பத்திரிகைய வாங்குதவன் எல்லாம் நின்ன இடத்துல துட்டி கேக்க ஆரம்பிச்சிருவான். நான் கலியாணத்துக்குல்லா கூப்பிடப் போறேன்."

"பாக்குதவன் எங்க பிரஸ்ஸத்தான் சொல்லுவான் அண்ணாச்சி," என்றார் முதலாளி. பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா, நான் அன்னைக்குச் சொன்னது ஞாபகம் இருக்குல்லா?"

இருந்தது. அந்தச் சொல்லைச் சேர்த்துவிட்டால் மேஜை பத்திரம். நான் போட்ட வட்டத்தை நானே அடித்துவிட்டேன். ஓரத்தில் 'இப்படியே இருக்கட்டும்' என்று எழுதிக் கண்டக்டரிடம் கையெழுத்து வாங்கினேன். அதற்குக் கீழே என் பெயரையும் எழுதினேன். "நல்லாத் தூங்கி எந்திரிச்சுதான் படிச்சிருக்கேன் தம்பி," என்றேன். முதலாளி தாளை வாங்கி, இரண்டு கையெழுத்தையும் பார்த்து, மெஷினுக்கு அனுப்பினார். அதைப் பற்றி அச்சகத்தில் வந்து கேட்டவர் பிற்பாடு ஒருவரே. முதலாளி தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார். மேஜை இன்றும் எனக்குத்தான்.

மாதக் கடைசி நாள் மத்தியானம் பஸ்ஸில், டிக்கெட்டோடு ஒரு உறையும் கொடுத்தார் கண்டக்டர். பிரித்தேன். மஞ்சள். காய்ந்தும் காயாத நான்கு மூலை.

"இன்னையோட சர்வீஸ் சரிம்மா. ரிட்டையர்டு."

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு மாதமாகப் போய் வந்த ரோட்டை முதன்முறையாக ஆற அமரப் பார்த்தேன். உளுந்து காய்கிற களம், காற்றாலைகள், ஆட்டுக் கிடை, பெயர் தெரியாத ஸ்டாப்புகள். பெரிதாக ஒன்றும் இல்லை. தூங்கியே போயிருக்கலாம்.

மேலநீலிதநல்லூரில் எல்லோரும் இறங்கினார்கள். பத்து நிமிஷம் வண்டி நிற்கும். அவர் முன் சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்து டீ குடித்தார்.

"என்ன, ஒறங்கலயா?"

"இல்ல அண்ணாச்சி. அன்னைக்கு வீட்டுல அப்படி ஆனப்ப நான் ஒண்ணுமே கேக்கல."

"நீ கேக்காதது நல்லதாப் போச்சு. கேட்டவனுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிட்டு." கிளாஸை ஆட்டி அடியில் நின்றதைக் குடித்தார். "ஒறக்கம்தான் இல்ல. அவ படுத்த பக்கம் காலியாக் கிடக்கு, அதப் பாத்துட்டே விடியுது. டாக்டர்ட்ட போனா வயசுங்காரு."

"எனக்கும் அதத்தான் சொன்னாங்க."

"ஒன்னயப் பாக்கும்போது ஒவ்வொரு நாள் பொறாமையா இருக்கும். நான் ஒறங்குனா விசில் யாரு அடிக்க?"

திரும்பி வரும்போது அவர் விசில் அடித்ததை எல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். நிற்க ஒன்று, போக இரண்டு. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் இறங்கி முடியும்வரை உட்கார்ந்திருந்து, படியில் நின்றவரிடம் வந்தேன்.

"நாளைக்கு மத்தியானம் வாங்க அண்ணாச்சி. அந்தச் சீட்ட நீங்க எடுத்துக்கிடுங்க. நான் முன்னால எங்கனயாவது உக்காருதேன்."

"எது, சக்கரத்து மேல உள்ளதா? முட்டி தாடையில இடிக்கும்."

"இடிக்கும். ஒறங்கணும்னு மட்டும் நெனச்சிராதீங்க."

அவர் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

"புதுசா வாரவன், எங்க எறங்கணும்னு கேட்டாம்னா?"

"இங்கனதான்னு சொல்லுங்க."