மாவுக்காரி சுட்ட புளிப்பில்லா அப்பம்

இட்லி மாவு விற்கிறவளுக்குப் புளிப்புதான் முதல். புளிக்காவிட்டாலும் திட்டு, கூடப் புளித்தாலும் திட்டு. முடிச்சூரில் எங்கள் ஃபிளாட் சமையலறைதான் கடை. கடைக்கு நடுவே தவழும் பத்து மாத மகள், பால் தவிர எதையும் விழுங்கமாட்டாள். பெருங்களத்தூர் டாக்டர் எடை போதாது என்றதிலிருந்து வேளைக்கு வேளை கரண்டியோடு அவள் பின்னாலேயே திரிகிறேன். கரண்டியைக் கண்டதும் வாயைப் பூட்டிக்கொள்ளும் பிள்ளைகளைப் பெற்றவர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

வராத இடத்திலிருந்து ஓர் ஆர்டர்

பக்கத்துத் தெரு சர்ச் பாஸ்டரம்மா வாராவாரம் என்னிடம் மாவு வாங்குபவர். ஈஸ்டருக்கு முன் வரும் பெரிய வியாழன் ஆராதனைக்குப் புளிப்பில்லா அப்பம் சுடுகிறவர் ஊருக்குப் போய்விட்டாராம். என்னைச் சுட்டுத்தரச் சொன்னார். நான் சர்ச்சுக்குப் போகிறவள் இல்லை. தவிர, வீட்டிலிருந்து புளிப்பை விலக்க வேண்டும் என்று பைபிளில் இருக்கிறது. இங்கே விலக்கினால் ஃபிரிட்ஜில் ஐஸ்தான் மிஞ்சும். சொல்லிப் பார்த்தேன்.

"கான்வென்ட்ல படிச்ச பொண்ணு, இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கியே, நீதான் சரி."

எபிரேயத்தில் என்ன பெயர்?

விளக்கம் சொல்ல பாஸ்டரே வந்தார். எபிரேயத்தில் அந்த அப்பத்துக்கு 'மட்ஸா' என்று பெயர். உறிஞ்சுதல் என்ற வினையிலிருந்து வந்திருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்களாம். பைபிளின் ஏசாயா புத்தகத்தில் தாயிடம் பிள்ளை பால் உறிஞ்சுவதற்கு அந்த வினைதான். அதனால் புளிப்பேறாத இனிமை என்று பொருள் சொல்கிறார்கள், ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு என்றார். 'இனிமை' வரைக்கும் கேட்ட என் கணவர் எழுந்துபோய் வெல்ல டப்பாவோடு வந்து நின்றார்.

"தம்பி, நாங்க கேட்டது அப்பம், அதிரசம் இல்ல."

கை செய்த வேலை

மாவில் தண்ணீர் பட்டால் நிறுத்தாமல் சுட்டுவிட வேண்டும், வைத்திருந்தால் புளிக்கத் தொடங்கிவிடும் என்பது அவர்கள் கட்டளை. வியாழன் காலை கோதுமை மாவைப் பிசைந்தேன். குழந்தை அழுதாள். கை தன் பழக்கத்தில் மாவை மூடி, அடுப்போரத்து வெதுவெதுப்பான மூலையில் வைத்துவிட்டது. கேழ்வரகுக் கூழை ஊட்டி, அவள் அதை என் நைட்டியிலேயே துப்பி முடிப்பதற்குள் பாஸ்டரம்மா வந்து மூடியைத் திறந்துவிட்டார். எங்கள் ராத்திரிச் சப்பாத்திக்கு மாவு தயார், சர்ச்சுக்கு ஒன்றுமில்லை.

"இன்னாம்மா, இதையும் பொங்கவெச்சு பாக்கெட் போடப் போறியா?"

உடைந்த துண்டு

குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு மறுபடி பிசைந்து, தேய்த்து, முள்கரண்டியால் குத்தி, மூச்சுவிடாமல் சுட்டேன். அப்பங்களை வெள்ளைத் துணியில் சுற்றித் திரும்பினால், மகள் பாஸ்டரம்மா மடியில் உடைந்த துண்டு ஒன்றைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருக்கிறாள். தொண்டையில் சிக்கிவிடுமோ என்று பாய்ந்தேன். அதற்குள் ஊறிய ஓரத்தை மென்று விழுங்கிவிட்டு, மிச்சத்தைப் பிடுங்கப்போன என்னை முறைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"அழுறத அப்புறம் வெச்சுக்கலாம், இன்னொரு துண்டு குடு, கை நீட்டுறா பாரு."

உப்பும் புளிப்பும் இல்லாத அப்பத்தை என் மகள் கேட்டு வாங்கித் தின்கிற விஷயம் மட்டும் என்னிடம் மாவு வாங்குகிறவர்கள் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.