ஜன்னலில் இருந்த முகம்

எண்பதுகளின் கடைசியில், தென்காசிப் பக்கமிருந்து தனியாளாகத் திருப்பூர் வந்தேன். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் பிரிண்டிங்குக்குப் படம் வரையும் வேலை. பேச்சுத் துணைக்கு யாருமில்லை.

ஒருமுறை பிரான்சு வியாபாரி ஒருவர், டி-ஷர்ட்டில் அச்சிடச் சொல்லி ஒரு பழைய போட்டோ அனுப்பியிருந்தார். இரண்டாம் உலகப்போர் தொடங்கிய காலத்து, இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம். அதன் ஜன்னலில் இருந்த புள்ளியை அழுக்கென்று நினைத்து வரையாமல் விட்டுவிட்டேன்.

சாம்பிள் பார்க்க அந்த வியாபாரியே நேரில் வந்தார். முதியவர். ஜன்னலைத் தொட்டு ஏதோ கேட்டார். மேனேஜர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அது அவரு அண்ணன் முகமாமுங்க. அந்த விமானத்துல போனவரு திரும்பி வரவே இல்லீங்களாம்."

கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. நான் திருத்தி வரையும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எங்களுக்குள் பேச மொழியில்லை. ஆனாலும் திருப்பூரில் நான் தனியாக இல்லாத முதல் பகல் அதுதான்.