கப்பல் குணம் அண்ணையும் கடலோடு போன கூறைச்சேலையும்

செய்தி வந்தபோது நான் வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தேன். அன்று ஸ்காபரோவில் கொட்டியிருந்த பனியை இமயமலை கண்டிருந்தால் வெட்கத்தில் குனிந்திருக்கும். மனைவி யன்னலைத் திறந்து, "இஞ்சரப்பா, குணம் அண்ணை செத்துப்போனாராம்" என்றாள்.

"ஆர் சொன்னது? அவரே சொன்னவரோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவரை அறிந்திருந்தால் நீங்கள் என்னைக் கோபிக்க மாட்டீர்கள். அவர் குடியிருந்த பார்க்டேலில் எந்தச் செய்தியையும் முதலில் சொல்பவர் அவர்தான். தன்னைப் பற்றிய செய்தியை மட்டும் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்தார்.

கிரேக்கக் கப்பலொன்றில் சமையல் வேலை பார்த்தவர். ஆனால் அவர் வாயால் கேட்டால், கப்டன் சுக்கானைத் திருப்புமுன் இவருடைய தேங்காய்ப்பால் சொதிச் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திருப்புவார். அவரது பார்க்டேல் அப்பார்ட்மென்ட் யன்னலில் ஒன்ராறியோ வாவி தெரியும். வந்தவர்கள் யாராவது "அண்ணை, கடல் வடிவாத் தெரியுது" என்றால் முகம் கறுத்துவிடும். "உப்பில்லாத தண்ணியைக் கடல் எண்டு சொல்லுறதும், உப்பில்லாத சொதியைச் சொதி எண்டு சொல்லுறதும் ஒண்டுதான்" என்பார்.

அந்த நாட்களில், கப்பலிலிருந்து கொள்கலன்கள் விழுந்து, அதிலிருந்த சப்பாத்துகளும் குளியல்தொட்டிப் பிளாஸ்டிக் தாரா வாத்துகளும் மேற்குக் கரையில் ஒதுங்குவதாகப் பத்திரிகைகள் எழுதின. எங்களுக்கு அது பொழுதுபோக்கு, அண்ணைக்கு வேதம். மளிகைக் கடையில் வெண்டிக்காய் முறித்துப் பார்க்கும் சனத்தை மறித்துப் பிரசங்கம் செய்வார். "இடதுகால் சப்பாத்து ஒரு கரைக்குப் போகும், வலதுகால் இன்னொரு கரைக்குப் போகும். ரெண்டு ஊருக்கும் சம்பந்தம் பேசவேண்டியதுதான் மிச்சம்." கடைசியில் எப்போதும் ஒரே வசனம்: "கடலிலை விழுந்தது துலையிறேல்லை. பாதை மாறிப் போகுது, அவ்வளவுதான்."

அந்த வசனம்தான் என் மருமகளின் கல்யாணத்துக்கு வந்த கண்டம். அதைக் காப்பாற்றியதும் அந்த வசனம்தான்.

அக்காவின் மகள் வதனிக்கும், மோர்னிங்சைட்டில் இருக்கும் பரமேஸ்வரி அக்காவின் மகன் ரமணனுக்கும் எல்லாம் பேசி முடிந்திருந்தது. மண்டபம் எடுத்தாயிற்று, அழைப்பிதழும் அடித்தாயிற்று. கூறைச்சேலை மாப்பிள்ளை வீட்டின் பொறுப்பு. பரமேஸ்வரி அக்கா சென்னைக்குப் போய், நகரத்துப் பட்டுக்கடைகளை எல்லாம் தலைகீழாகப் புரட்டி ஒரு சேலை எடுத்தார். பிறகு, உலகத்தில் எங்கள் சனம் மட்டுமே எடுக்கக்கூடிய ஒரு முடிவையும் எடுத்தார். "பிளேனிலை சூட்கேஸ் மாறிப் போகுதாம். கப்பல் மெல்ல வந்தாலும் ஒழுங்காய் வரும்." சேலையைப் பொலித்தீனில் சுற்றி, நீலப் பிளாஸ்டிக் பீப்பாவுக்குள் வைத்து, மூடியை இறுக்கி, பார்க்டேல் கடைக்காரரின் அப்பளம் ஏற்றி வந்த கொள்கலனில் சேர்த்துவிட்டார்.

வன்கூவருக்கு வரும் வழியில் பசிபிக்கில் புயல் அடித்தது. மேல்தட்டில் அடுக்கியிருந்த கொள்கலன்களில் ஒரு வரிசை கடலுக்குள் போயிற்று. எங்கள் கூறையும் அதோடு போயிற்று.

"தாலி கட்ட முதல் கூறை தண்ணிக்குள்ளை போயிட்டுது. உது நல்லதுக்கில்லை. நிப்பாட்டுவம்" என்றார் பரமேஸ்வரி அக்கா. வேறு சேலை எடுக்கலாம் என்றோம், காதில் விழவில்லை. என் அக்கா அழுத அழுகையில் இன்னொரு பசிபிக் உண்டாகி, அதிலும் நாலு கப்பல் ஓடியிருக்கும். வதனி அழவில்லை. "மாமா, ஒரு சீலைக்காக அவரை விடச் சொல்லுறீங்களோ?" என்று மட்டும் கேட்டாள். கடல் விவகாரம் என்பதால் நான் குணம் அண்ணையைக் கூட்டிக்கொண்டு மோர்னிங்சைட்டுக்குப் போனேன்.

அண்ணை போனதும் போகாததுமாக ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவைக் கேட்டு வாங்கினார். தான் முகம் துடைக்கும் கைலேஞ்சியை உள்ளே வைத்து மூடினார். குளியல்தொட்டியை நிரப்பி, டப்பாவை மிதக்கவிட்டு, சோற்றகப்பையால் புயல் கிளப்பினார். இரண்டு குடும்பமும் குளியலறைக்குள் நெரிந்துகொண்டு பார்த்தது. நான் கழுவுதொட்டியின் மேல் ஏறி இருந்தேன். புயல் ஓய்ந்ததும் டப்பாவைத் திறந்து கைலேஞ்சியை உதறிக் காட்டினார். ஒரு சொட்டு ஈரமில்லை.

"அப்ப கூறை தாழேல்லை?" பரமேஸ்வரி அக்காவின் முகம் மலர்ந்தது.

"தாழேல்லை அக்கா. வந்துகொண்டிருக்கு."

"கட்டாயம் வருமோ?"

"வரும்."

"அப்பச் சரி. அது வந்தாப்பிறகு கல்யாணத்தை வைப்பம்."

ரமணன் அண்ணையைப் பார்த்த பார்வையில் அந்தத் தொட்டித் தண்ணீர் கொதித்திருக்க வேண்டும்.

"பசிபிக் பெரிசு அக்கா," அண்ணை மெல்ல இழுத்தார். "ஒரு சுத்து வர மூண்டு வருசமும் ஆகும்."

"இருப்பம். பெடியனுக்கு என்ன அவசரம்?"

"அம்மா, எனக்கு அவசரம்தான்" என்றான் ரமணன். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணை தொட்டியின் விளிம்பில் அமர்ந்தார். அவர் பேசாமல் இருந்ததை நான் கண்டது அந்த ஒருமுறைதான். பிறகு கேட்டார்: "அக்கா, மூண்டு வருசம் பீப்பாக்குள்ளை வெயிலிலை வெந்து வாற பட்டு எப்பிடி இருக்கும்?"

"நைஞ்சு போயிருக்கும்."

"பழஞ்சேலை மாதிரி மெத்தெண்டு இருக்கும், என்ன? கூறைக்கு ஆகாது. ஆனால் ஏணை கட்ட அதைவிடத் திறமான சீலை உலகத்திலை இல்லை."

"ஏணையோ?"

"ஓம். உங்கடை பேரப்பிள்ளையைப் போட்டு ஆட்ட. கடல் நேரத்துக்குத்தான் கொண்டுவருகுது அக்கா. ஏணைக்குள்ளை கிடத்த ஒரு பிள்ளை வேணுமெல்லோ? அதுக்கு நீங்கள்தான் பிந்துறியள்."

பரமேஸ்வரி அக்கா அந்த டப்பாவை எடுத்து மூடினார். பிறகு மகனிடம், "தொட்டித் தண்ணியைத் திறந்து விடடா. வேறை கூறை எடுக்கப் போகவேணும்" என்றார்.

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. தாலி கட்டும்போது தவில் மட்டும் முழங்காதிருந்தால், அண்ணை மூக்கைச் சிந்திய சத்தம் மொன்றியல்வரை கேட்டிருக்கும். அதன்பிறகு பரமேஸ்வரி அக்கா அவரை எங்கே கண்டாலும், "என்ன குணம் அண்ணை, எங்கை வருகுது?" என்பார். அவரும் சளைக்காமல், "அலாஸ்காவைத் தாண்டிட்டுது", "காத்து மாறிப்போச்சு, கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லிவந்தார். அவர் பொய் சொன்னார் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவருக்கு அது உண்மையாகவே வந்துகொண்டிருந்தது.

இறுதிச் சடங்கில் அவரது பெரிய குளிர்கோட்டை யாருக்குக் கொடுப்பது என்று உறவினர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். வதனி வயிற்றைப் பிடித்தபடி கதிரையில் இருந்தாள்; பங்குனியில் பிள்ளை. பரமேஸ்வரி அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணை போயிட்டார். இனி பீப்பா எங்கை நிக்குது எண்டு ஆர் சொல்லுறது?"

எனக்கு நீந்தத் தெரியாது. குளியல்தொட்டியிலும் கைபிடித்துத்தான் இறங்குவேன். ஆனாலும், "நான் சொல்லுறன் அக்கா" என்றேன். கோட்டு யாருக்குப் போயிற்றோ தெரியாது. அவருடைய 'வரும்' எனக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் வன்கூவரில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பிக்குப் போன் எடுத்தேன். "கடற்கரைப் பக்கம் போனால் நீலப் பீப்பா ஏதும் கிடக்குதோ எண்டு ஒருக்காப் பார்."

"அண்ணை, உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுதோ?"

"ஓம்" என்றேன். "அடுத்த கிழமையும் போய்ப் பார்."