கெட்டி மேளத்துக்கு வந்த டிரம்ஸ்

இசைத்தட்டில் கேட்டுவிட்டுத் தலையாட்டுகிறவர்களை நான் ரசிகர்கள் என்று ஒப்புக்கொள்வதில்லை. தட்டில் இருப்பது ஆறிப்போன சாப்பாடு. கண்ணெதிரே நின்று, சட்டை நனைய, அடுத்த அடி தப்புமோ என்று நம் வயிற்றில் புளியைக் கரைத்தபடி வாசிக்கிறார்களே, அதைக் கேட்டவர்கள்தான் என் கட்சி. அந்தக் கட்சியில் நான் சேர்ந்தது எழுபதுகளில், அரக்கோணத்தில், டைப்ரைட்டிங் கற்கப் போன இடத்தில்.

எங்கள் வகுப்புக்கு எதிரே ரயில்வேக்காரர்கள் கூடும் மன்றம் ஒன்று இருந்தது. சனிக்கிழமை சாயந்திரம் அங்கே ஒரு பாண்டு வாசிக்கும். முடி வளர்த்த லண்டன் பையன்கள் பாடிய பாட்டுகள்தான் எல்லாம். பாடுகிறவர் இன்ஜினில் கரி தள்ளும் ஃபயர்மேன். கிடார்காரர் டிக்கெட் பரிசோதகர். டிரம்ஸ்காரர் லோகோ ஷெட்டில் ஃபிட்டர். பேஸ் கிடாரோடு நாலாவதாக ஒருவர் நிற்பார். அவர் என்ன வேலை பார்த்தார் என்று யாருக்கும் தெரியாது, வாசித்ததும் காதில் விழுந்ததில்லை.

முதலில் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். என் அப்பாவை, அதாவது நைனாவை, பார்சல் ஆபீசில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் பிறகு உள்ளே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரே மாதத்தில் முன்வரிசைக்கு வந்துவிட்டேன். மிஷினில் என் விரல்களும் டிரம்ஸ் தாளத்தில் விழ ஆரம்பித்தன. "இது லெட்டரா, உடுக்கையாம்மா?" என்று வகுப்பு மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு பாட்டை அவர்கள் ஒரே மாதிரி இரண்டு முறை வாசித்ததில்லை. அதுதான் என்னைக் கட்டிப்போட்டது. ஃபயர்மேன் டியூட்டி முடிந்து நேரே வந்த நாட்களில் தொண்டையில் கரி அடைத்திருக்கும். அன்றைக்குப் பாட்டு இன்னும் பிரமாதமாக வரும். கிடார்காரருக்குக் கம்பி அறுந்தால் வித்தவுட்டில் வந்தவனைப் பிடித்த முகத்தோடு மீதிக் கம்பிகளை விசாரிப்பார். கரண்ட் போனால் கிடார் ஊமையாகிவிடும், மைக்கும் செத்துவிடும். டிரம்ஸுக்கு எந்தக் கரண்ட்டும் வேண்டாமே! அவர் பாட்டுக்கு இருட்டில் அடித்துக்கொண்டிருப்பார். அந்த அடி நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து விழும். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வரும். வெட்கமில்லாமல் கை தட்டுவேன்.

இப்படி இருந்தவளுக்குத்தான் வரன் வந்தது. மாப்பிள்ளை புத்தூரில் பள்ளிக்கூட வாத்தியார்.

"பையன் ரொம்ப சாதுங்க. சத்தம்னாவே புடிக்காது. கிளாஸ்ல ஊசி வுழுந்தா கேக்கும், அப்படி வெச்சிகினு இருக்காரு" என்றார் தரகர்.

அம்மாவுக்கு முகமெல்லாம் பல். எனக்கு உயிரே போய்விட்டது. குடிகாரனாக இருந்தால்கூடத் திருத்தலாம், சத்தம் பிடிக்காதவனை என்ன செய்வது? மாமியார் எப்படி, நாத்தனார் எப்படி என்ற கவலையே எனக்கு வரவில்லை. இந்த மனுஷன் இனி என்னைச் சனிக்கிழமை அரக்கோணத்துக்கு விடுவாரா என்கிற ஒரே கவலைதான். பெண் பார்க்க வந்த அன்று இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிடுகிறேனே என்று அம்மாவிடம் கெஞ்சினேன்.

"மாப்பிள்ளகிட்ட போயி டமாரத்தப் பத்தி கேப்பியா? வாயத் தொறந்தே, அவ்ளோதான்" என்றாள்.

காப்பித் தட்டோடு போய் நின்றேன். அவர் தரையைப் பார்த்தார், நான் காப்பியைப் பார்த்தேன். நிச்சயம் ஆகிவிட்டது.

கல்யாணம் திருத்தணியில், மலையடிவாரத்துச் சத்திரத்தில். டிக்கெட் பரிசோதகர் நைனாவுக்குச் சிநேகிதர். என் கல்யாணத்துக்குப் பரிசாகச் சாயந்திரம் ரிசப்ஷனில் பாண்டு வாசிப்பதாகச் சொல்லியிருந்தார். இதுதான் நான் கேட்கப்போகிற கடைசிக் கச்சேரி என்று தீர்மானித்து, அழுது தீர்த்து, கண் வீங்கிப்போய் மணவறைக்கு வந்தேன். காலையிலேயே நால்வரும் வந்து, ஓரமாக டிரம்ஸை மாட்டி வைத்துவிட்டார்கள்.

மேளம் மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. புத்தூரிலிருந்து மேளக்காரர்கள் வரவேண்டிய வண்டி ஏகாம்பரகுப்பத்திலேயே நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. பெரிய முகூர்த்த நாள். அடுத்தடுத்த சத்திரங்களிலும் அதே நேரத்தில் தாலி கட்டுகிறார்கள், மேளத்தை இரவல் கேட்கவும் வழியில்லை. முகூர்த்தமோ முடியப்போகிறது.

"மேளம் இல்லாம தாலி கட்றது எங்க வம்சத்துலயே கெடியாதுங்க" என்று மாமனார் கையைப் பிசைந்தார்.

நைனா டிரம்ஸ் பக்கம் கையைக் காட்டினார். "அதோ குந்திகினு இருக்குதே, அதுவும் மேளந்தானுங்க?"

மாமனார் அதை மேலும் கீழும் பார்த்தார். தோல் இருந்தது, குச்சி இருந்தது. "ஆங், சரிதான்" என்றார்.

நைனா ஓடிப்போய் டிரம்ஸ்காரரிடம் விஷயத்தைச் சொன்னார்: ஐயர் விரலை ஆட்டியதும் எவ்வளவு பலமாக முடியுமோ அவ்வளவு பலமாக அடிக்க வேண்டும். எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. நம் மேளக்காரர்களுக்கு அதை யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? தாலி ஏறியதைப் பார்த்துவிட்டுத் தானாக நிறுத்துவார்கள். இவரோ தனியாக அடிக்க ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொள்கிறவர். கிடார்காரர் பக்கத்தில் போய்த் தோளைப் பிடித்து உலுக்கினால்தான் இந்த உலகத்துக்குத் திரும்புவார். கிடார்காரர் அப்போது பந்தியில் இரண்டாம் தடவை பொங்கல் வாங்கிக்கொண்டிருந்தார்.

ஐயர் விரலை ஆட்டினார்.

அப்பப்பா! சத்திரத்துத் தூணெல்லாம் அதிர்ந்தது. தலை குனிந்திருந்த எனக்கு மாலை மட்டும்தான் தெரிந்தது, மாலையும் ஆடியது. அட்சதை மழையாகக் கொட்டியது. மேளம் நிற்கும்வரை போட வேண்டும் என்று நினைத்து ஜனங்கள் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அரிசி தீர்ந்து, பூ தீர்ந்து, யாரோ வெற்றிலையைக் கிள்ளிப் போட்டார்கள். மாமனார் ஏதோ கத்தினார். கெட்ட பேச்சு காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டி மேளம்? அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

தாலி மட்டும் ஏறவில்லை. மஞ்சள் கயிறு கழுத்தைச் சுற்றி வந்து பிடரியில் அப்படியே நின்றது. சத்தம் பிடிக்காத மனுஷன் பயந்துபோய்க் கயிற்றை விட்டுவிட்டு ஓடப்போகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அப்போதுதான் பிடரியில் ஒரு விரல் பட்டது. முடிச்சு என்று நினைத்தேன். மறுபடி பட்டது. மறுபடியும். அது முடிச்சில்லை. தாளம்!

மகாராஜா முழுக்க முழுக்கத் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு பீறிட்டது, தோள் குலுங்கியது. பொண்ணு அழறா என்று என் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டாள். ஐயர் அவர் முழங்கையை இடித்தார். ஒருவழியாக முதல் முடிச்சு விழுந்தது, அதுவும் தாளம் தப்பி. மற்ற முடிச்சுகளை நாத்தனார் போட்டாள். டிரம்ஸ் நிற்கவில்லை.

அவர் குனிந்து என் காதருகே வந்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையின் முதல் பேச்சு அது. "இவுங்க எங்க வாசிப்பாங்க?"

எனக்குக் கண் நிரம்பிவிட்டது. மெதுவாகச் சொன்னேன், கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னேன், காதில் கையை வைத்துக் காட்டினார். பொறுமை போய், மூச்சைப் பிடித்துக் கத்தினேன். அதே நொடியில், பொங்கல் கையோடு ஓடிவந்த கிடார்காரர் டிரம்ஸ்காரரின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டார்.

"சனிக்கிழம சாயந்திரம் அரக்கோணத்துல, போலாமா?"

ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில் சத்திரம் முழுக்க மணப்பெண்ணின் குரல் எதிரொலித்தது. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். மாமனார் வாயைத் திறந்தபடி நின்றார்.

அவர் மட்டும் என்னைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஆங், போலாமே" என்றார்.