வெள்ளிக்கிழமை படுத்துக்கொண்ட கணினி

ஜன்னத் வென்றவை இவை. எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வில் இரண்டு முறை கைவிட்ட கணக்குப் பாடம், மூன்றாம் முறை. இடது காது மந்தம் என்று திருப்பி அனுப்பிய அதே தொழிற்சாலையில், எட்டு மாதம் கழித்து ஓர் ஆப்பரேட்டர் வேலை. மோட்டார் சைக்கிள் லைசென்ஸ், நான்காம் தடவையில். மூன்று தடவையும் விழுந்தது ஒரே வளைவில். கழித்துப் போட்ட ஒரு மடிக்கணினி. அதில் விண்டோஸ் ஏறாமல் போகவே லினக்ஸை ஏற்றி, பதினொரு நாள் மல்லுக்கட்டி அதன் ஊமை ஒலிபெருக்கியில் வரவழைத்த சத்தம். ஆங்கிலத்தில் எழுத வேண்டிய லினக்ஸ் நிர்வாகச் சான்றிதழ்த் தேர்வு, முதல் முறையிலேயே. அடுக்குமாடிப் பெண்களுக்கான கேரம் போட்டி.

இத்தனையும் தேதி வாரியாக ஒரு கோடு போட்ட நோட்டில் இருந்தன. எழுதி வைத்தவள் அக்கா சலேஹா. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடமாக நுண்ணோக்கியில் கண் வைத்து மின்பலகைகளைச் சோதிப்பவள். தலைமுடியைவிட மெல்லிய ஈயப் பிசிறைக்கூடத் தப்பவிடாத கண் அவளுடையது. கேரம் போட்டியை எழுதியபோது தங்கை எட்டிப் பார்த்து, "லாத்தா, இதையெல்லாமா எழுதுவே? மானம் போகுது" என்றாள். சலேஹா அந்த வரியை அடித்துவிடவில்லை. எத்தனை புள்ளி வித்தியாசம் என்று கேட்டு அதையும் சேர்த்துக்கொண்டாள்.

அடுக்குமாடியில் ஜன்னத்தை 'கம்ப்யூட்டர் டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பாதிப் பக்கம் அச்சடித்துவிட்டு நின்றுபோகும் பிரிண்டர், புதுப்பித்த மறுநாள் இருண்டுபோகும் திரை, பக்கத்து அறைக்குப் போனால் அறுந்துவிடும் வைஃபை, எல்லாம் அவர்கள் வீட்டு வாசலுக்கு வரும். நான்காம் மாடி ஷரீஃபா ஆண்ட்டியின் கணினி கடவுச்சொல்லை ஒப்புக்கொள்ளும், உடனே மறுபடி கடவுச்சொல்லையே கேட்கும். பேய் பிடித்துவிட்டது என்று ஆண்ட்டி முடிவே கட்டிவிட்டார். ஜன்னத் கறுப்புத் திரையில் இரண்டு வரி தட்டிப் பார்த்தாள். உள்ளே ஊசி குத்த இடமில்லை. நாற்பதாயிரம் காலை வணக்கப் படங்கள் அடைத்துக்கொண்டு, ஆண்ட்டி உள்ளே நுழையவே வழியில்லாமல் செய்திருந்தன. ரோஜாப்பூ போட்டவற்றை மட்டும் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார் ஆண்ட்டி.

அந்த ஆண்டு ஜூன் மாதம் ஜன்னத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, ஜார்ஜ் டவுனில் சிவநேசன் என்பவர் நடத்திய சிறிய கணினிப் பராமரிப்புக் கடையில் சேர்ந்தாள். மூன்று மாதம் தகுதிகாண் காலம். ஆகஸ்ட் கடைசியில் வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று சிவநேசன் சொல்வார். தொழிற்சாலையில் அவள் இடத்துக்கு ஏற்கெனவே வேறு ஆள் வந்தாயிற்று. திரும்பிப் போக வழியில்லை. கடையில் ஜன்னத் பழுதுபார்ப்பாள், அறிக்கையும் எழுதுவாள். கீழே பொறுப்பாளர் என்ற கோட்டில் கையெழுத்துப் போடுவது சிவநேசன். யாரோ தெரியாத பெண்ணின் கையெழுத்தைப் பார்த்தால் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வராது என்பது அவர் எண்ணம். கெட்ட மனிதரல்ல. மத்தியானச் சாப்பாட்டை அவரே வாங்கித் தருவார்.

சிவநேசனுக்கு அந்தச் சமயத்தில் ஒரே தலைவலி, கமால் மாமாவின் நாசி கண்டார் சோற்றுக்கடை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் கடை. கல்லாவில் லினக்ஸ் கணினி ஒன்று பில் போடும். வாரம் முழுவதும் ஒழுங்காக வேலை செய்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து கூட்டம் அலைமோதும் நேரம் பார்த்துப் படுத்துக்கொள்ளும். பில் வராது. கைப்பேசியில் பணம் கட்டும் க்யூ.ஆரும் வேலை செய்யாது. கல்லாவில் உட்காரும் காமாரியா அரை மணி நேரம் கையால் எழுதித் தள்ளுவாள். பிறகு தானாகவே எழுந்துகொள்ளும். ஆள் வந்து பார்க்கும் சனிக்கிழமையில் குழந்தைபோல் சமர்த்தாக இருக்கும்.

கூட்டத்தின் சுமை தாங்கவில்லை என்று நினைத்த சிவநேசன் நினைவகத்தைக் கூட்டினார். பலனில்லை. பிறகு முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். மூன்று முறை ஏற்றினார். கடைசியாக ஏற்றியது ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி. பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை அது மறுபடி படுத்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் கமால் மாமா சொல்லிவிட்டார். மறுநாள் சிவநேசன், நான்காம் முறையாக அழித்து ஏற்றச் சொல்லி ஜன்னத்தை அனுப்பினார்.

அவள் போனாள், அழிக்கவில்லை. திரும்பி வந்து சொன்னதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அழிச்சு எழுதுறது ஒரு மணி நேர வேலை. நீ என்னம்மா பண்ணே அங்க?"

"படிச்சேன் அண்ணே. அது தனக்கு நடந்ததையெல்லாம் ஒரு பதிவேட்டில எழுதி வைக்குது. நாம ஒவ்வொரு தடவையும் அழிக்கிறப்ப சாட்சியையும் சேர்த்து அழிச்சிர்றோம்."

இன்னும் ஒரு வெள்ளிக்கிழமை கெடட்டும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். தெரிந்தே ஒரு வாடிக்கையாளரின் கடையைக் கெடவிடச் சொல்லும் ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் கமால் மாமாவிடம் தாமே பேசி இரண்டு வாரம் வாங்கித் தந்தார். இருபத்தொன்பதாம் தேதிக்குள் சரியாகவில்லை என்றால் அந்த வாடிக்கையாளரும் போய்விடுவார், அவளும் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

இதைக் கேட்ட சலேஹாவுக்கு, பேசாமல் அழித்து எழுதிவிட்டு மாதக் கடைசியைத் தாண்டியிருக்கலாமே என்று தோன்றியது. ஆனால் வைரஸாக இருக்குமோ என்று மட்டும் கேட்டு வைத்தாள். இந்த வீட்டில் வைரஸ் என்ற சொல்லையே எடுக்கக்கூடாது என்று தங்கை சட்டம் போட்டாள்.

இருபத்திரண்டாம் தேதி அது எதிர்பார்த்தபடியே கெட்டது. சனிக்கிழமை ஜன்னத் பதிவேட்டின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசிக்க, சலேஹா நோட்டில் கட்டம் போட்டு எழுதினாள். இரண்டு வெள்ளிக்கிழமையும் ஒரே கதை. ஒரு கணினியை முறையாக அணைத்தால் எல்லா வேலையையும் மூடினேன், போய்வருகிறேன் என்று கடைசியில் எழுதிவிட்டுத்தான் தூங்கும். இது பன்னிரண்டு ஐம்பது வாக்கில் பாதிப் பேச்சில் நின்றிருந்தது. அடுத்து எழுதிய வரியில் தேதி இரண்டு வருடம் பின்னால் போயிருந்தது. மூன்று மணிக்குப் பக்கத்தில் ஒரே தாவலில் இந்த வருடத்துக்கு வந்திருந்தது.

"மின்சாரம் போயிருக்கு லாத்தா. உள்ள நேரத்தைக் காப்பாத்துற சின்ன பேட்டரியும் செத்திருக்கணும். விழிச்சதும் இது எந்த வருசம்னு அதுக்குத் தெரியல."

இணையம் கிடைத்ததும் அது சரியான நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். அதுவரை, கடைசி பில் இன்றைக்கு இரண்டு வருடம் கழித்துப் போட்டதாக இருக்கிறதே என்று பில் மென்பொருள் மிரண்டு நிற்கும். பணம் கட்டும் வலைத்தளமும் தேதி தவறான கணினியை உள்ளே விடாது. எல்லாம் பொருந்தி வந்தது, ஒன்றைத் தவிர. ஜன்னத் போனில் கூப்பிட்டு வெள்ளிக்கிழமைகளில் மின்வெட்டு உண்டா என்று கேட்டதற்கு, இந்தச் சந்தில் மின்சாரம் போய்ப் பல வருடமாயிற்று என்று கமால் மாமா அடித்துச் சொன்னார். கணினியை யாரும் தொடுவதில்லை என்றும் சத்தியம் செய்தார்.

யோசித்துப் பார்த்தால், அந்தக் கணினி கெடும் நேரத்தில் அதைப் பழுது பார்க்கத் தெரிந்த யாரும் பார்த்ததே இல்லை. வாரத்தில் கடை மூடியிருப்பது அந்த ஒன்றே முக்கால் மணி நேரம்தான். ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில் இருப்பார்கள். கதவு சாத்திய கடைக்குச் சிவநேசனும் வரமாட்டார். வரும் வெள்ளிக்கிழமை, இருபத்தொன்பதாம் தேதி, தான் உள்ளேயே உட்கார்ந்துகொள்வதாக ஜன்னத் கேட்டாள். காமாரியாவும் எப்போதும் உள்ளேதான் இருப்பாள் என்பதால் கமால் மாமா சம்மதித்தார். சலேஹாவுக்கு அன்று ஷிஃப்ட் இல்லை; அவளும் கிளம்பிவிட்டாள். வழியில் கடைவரிசையின் ஐந்தடி நடைபாதையில் கடிகாரம் பழுதுபார்க்கிறவரிடம் ஜன்னத் நாணயம் போன்ற ஒரு பேட்டரி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கடைசி மேசையும் காலியானது. முன் கதவை இறக்கினார்கள். வேலையாட்கள் கைகால் கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். கடைசியாகக் கமால் மாமா, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகப் பின்வாசலை நோக்கி நடந்தார். நடந்தவர் நிற்கக்கூட இல்லை. போகிற போக்கில் கையைத் தூக்கிச் சுவரிலிருந்த பெட்டியில் ஒரு விசையைக் கீழே தட்டினார். விளக்குகள் அணைந்தன. விசிறிகள் மெல்லச் சுழன்று நின்றன. கல்லாவில் திரை கறுத்தது.

இருட்டில் ஜன்னத் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"மாமா, இப்ப என்ன செஞ்சீங்க?"

"என்ன செஞ்சேன்? மெயினை ஆஃப் பண்ணேன். கறி கெட்டுடாம பெட்டி ஐஸுக்கு வேற லைன் இருக்குலா."

"எல்லா வெள்ளிக்கிழமையுமா?"

"பக்கத்துக் கடையில ஒரு ஜும்மா நேரம் கெட்டில் எரிஞ்சுச்சே, அதிலேர்ந்து. ஏன்?"

"மின்சாரம் போகுமான்னு போன வாரம் கேட்டேனே மாமா."

"அது எங்க போகுது? நான்தானே அடைக்கிறேன்." குத்பா உரைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் வேகமாகப் போய்விட்டார்.

காமாரியாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவரோடு அந்தக் கடையில் ஒன்பது வருடமாக இருப்பவள் அவள். விளக்கு அணைவதைக் கண் அயர நல்ல நேரம் என்று மட்டுமே அவள் அறிந்திருந்தாள். கைப்பேசி வெளிச்சத்தில் மூன்று பேரும் உட்கார்ந்து மீன் தலைக் கறியோடு சாப்பிட்டார்கள். இப்போதே பேட்டரியை மாற்றிவிடலாமே என்றாள் சலேஹா. மாற்றக்கூடாது, எப்போதும் நடப்பது முதலில் அப்படியே நடக்கட்டும் என்றாள் தங்கை.

இரண்டரைக்குக் கமால் மாமா வந்து விசையை மேலே தள்ளினார். கணினி விழித்தது. திரையின் மூலையில் இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. காமாரியா முதல் பில்லைத் தட்டினாள். சிவப்புக் கட்டம் வந்து நின்றது. வாசல் திறந்ததும் கூட்டம் உள்ளே கொட்டியது. அவர்களுக்கு நடுவே சிவநேசன், அழித்து ஏற்றுவதற்கான யூ.எஸ்.பி.யைக் கையில் பிடித்தபடி வந்தார்.

ஜன்னத் அவருக்குத் தேதியைக் காட்டினாள். பிறகு கணினியை அணைத்து, பின்பக்கம் திறந்து, செத்த பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்துப் புதியதைப் பொருத்தினாள். எழுப்பி, நேரத்தைச் சரிசெய்து, நேரம் சரிபார்க்கப்படும் வரை பில் மென்பொருள் பொறுத்திருக்கும்படி ஒரு வரி சேர்த்தாள். பில் வந்தது. சிவநேசன் பெருமூச்சு விட்டார். ஜன்னத் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"மாமா, மறுபடி மெயினை அடைங்க" என்றாள் ஜன்னத்.

கடை நிறைய ஜனம். கமால் மாமா அவளை, புத்தி சரியாகத்தான் இருக்கிறதா என்பதுபோல் பார்த்தார். அடைத்துத் திறந்தும் நேரம் பிசகாமல் இருந்தால்தான் சரியானதாக அர்த்தம் என்றாள் அவள். இப்போது தானாகச் சரியானதா, தான் சரிசெய்ததா என்று வேறு எப்படியும் சொல்ல முடியாது. சலேஹா மனதுக்குள் கணக்குப் போட்டாள். இத்தனை பேர் முன்னால் அது எழும்பாமல் போனால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் வீண்.

விசை இறங்கியது. விசிறிகள் நின்றன. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரே குரலில் முனகினார்கள். கறி எது எலும்பு எது என்று தெரியவில்லை என உள்மேசையிலிருந்து ஒருவர் கத்தினார். ஜன்னத் கைக்கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஐந்து நிமிடம் கடக்கவிட்டாள். பிறகு தலையாட்டினாள். விளக்கு வந்தது, திரை வந்தது. அதன் மூலையில் அன்றைய தேதியும், சுவர்க் கடிகாரம் காட்டிய அதே நேரமும் இருந்தன. காமாரியா தட்டினாள். பில் நீளமாக வெளியே வந்தது. ஏதோ ஒரு மேசையில் கைதட்டினார்கள். எதற்கென்று தெரியாமலே மற்ற மேசைகளும் தட்டின.

சிவநேசன் யூ.எஸ்.பி.யைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கல்லா ஓரத்தில் நின்றே ஜன்னத் எழுதிய அறிக்கையை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். பிறகு அதையும் பேனாவையும் அவளிடமே நீட்டினார்.

"மூணு தடவை அழிச்சவன் நான். இதுல நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுறது? நீயே போடு. திங்கக்கிழமை மெர்டேக்கா சுதந்திர தின லீவு, செவ்வாய்க்கிழமை வந்து நிரந்தரக் கடிதத்தை வாங்கிக்க."

தங்கை பேனாவைப் பிடித்ததையும், முதல் எழுத்து கோட்டைவிட்டு மேலே ஏறியதையும் சலேஹா பக்கத்தில் நின்று பார்த்தாள். வீட்டுக்குப் போனதும் நோட்டைத் திறந்து, புதிய பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதினாள்: ஜன்னத் பொறுப்பாளராக முதன்முதலில் கையெழுத்திட்ட நாள், வெள்ளிக்கிழமை, 29 ஆகஸ்ட் 2025.